காவல் காமிராவின் கண்: லென்ஸைச் சரிசெய்தலும் மாற்றுதலும்



காவல் காமிரா என்றால் அது வங்கிக்கும் நகைக்கடைக்கும் உரியது என்று நாம் எண்ணியிருந்த காலம் போய்விட்டது. அலோர் காஜா மாவட்டத்தில் ரெம்பியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலும் இன்று வீட்டு முகப்பிலும், கோயில் மண்டபத்திலும், ஒட்டுக்கடைக் கல்லாவுக்கு மேலும் அது தொங்குகிறது. மகன் சிங்கப்பூரில் வேலை, மருமகள் மலாக்காவில் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், வீட்டில் வயதான தாய் மட்டும். இப்படிப்பட்ட குடும்பங்கள் இப்போது ஏராளம். மகன் அங்கிருந்தே கைத்தொலைபேசியைத் திறந்து, "அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறார், சரி" என்று பார்த்து மனநிம்மதி அடைகிறான். நல்ல காரியம்தான்.

ஆனால் ஒரு குறையையும் நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஏதாவது நடந்துவிட்டால் படத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஓர் ஆள் வருகிறான், குனிகிறான், எடுக்கிறான், போகிறான். எல்லாம் தெரிகிறது. ஆள் யார் என்பது மட்டும் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. "காமிரா சரியில்லை, வேறு வாங்க வேண்டும்" என்று முடிவு செய்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த வெள்ளி மறுபடியும் கடைக்குப் போகிறது. புதிய காமிராவும் அதே வெள்ளைத் திட்டைத்தான் காட்டுகிறது.

காரணம் என்ன? பெரும்பாலும் காமிரா பழுதாகியிருக்காது. அதன் முன்னால் இருக்கும் லென்ஸ், அதாவது கண்ணாடி வில்லை, அந்த இடத்துக்கு ஏற்றதாக இருக்காது. அல்லது ஏற்றதாக இருந்தும் சரியாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்காது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், இணையக் காமிரா என்று எதைச் சொல்கிறோம்? பழைய நாள் காமிரா கம்பி வழியாகத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் படத்தை அனுப்பியது. இணையக் காமிராவோ கணினியைப் போலத் தனக்கென்று ஒரு முகவரியுடன் இணையத்தில் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து ரெம்பியாவைப் பார்க்க முடிகிறது.

இதன் தொடக்கக் கதை சுவையானது. 1991-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினிக் கூடத்தில் ஒரே ஒரு காப்பிச் சாடிதான் இருந்தது. மாடியில் இருந்தவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால் சாடி காலியாக இருக்கும். சலித்துப் போன சிலர் அந்தச் சாடிக்கு எதிரே ஒரு காமிராவை நிறுத்தி, அதன் படம் தங்கள் மேசைக் கணினியில் தெரியும்படி செய்தார்கள். 1993-இல் அந்தப் படம் இணையத்திலும் வந்தது. 2001-இல் நிறுத்தப்படும்வரை உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அந்தக் காப்பிச் சாடியைப் பார்த்தார்கள்! பிறகு 1996-இல் சுவீடன் நாட்டு ஆக்சிஸ் நிறுவனம் இணையத்தில் நேராகச் சேரும் காமிராவை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய அளவுப் படம் ஒன்றை அனுப்ப அதற்கு 17 விநாடி பிடித்தது. இன்றைய காமிரா ஒரே விநாடியில் 25 படம் அனுப்பிவிடுகிறது. தமிழ்நாட்டில் சென்னை மாநகரக் காவல் துறை, ஏ. கே. விஸ்வநாதன் ஆணையராக இருந்த 2017 முதல் 2020 வரையிலான காலத்தில், 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருதோறும் காமிரா வைக்கும்படி பொதுமக்களையும் வணிகர்களையும் ஊக்குவித்தது.

கேம்பிரிட்ஜ் காப்பிச் சாடியிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காமிராவின் படம் மிகவும் சிறியது, கறுப்பு வெள்ளை, தெளிவும் குறைவு. ஆனாலும் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஏனென்றால் அது பார்க்க வேண்டியது ஒரே ஒரு சாடி, காமிராவும் அந்தச் சாடியையே பார்த்தது. நம் காமிராக்களை நாம் அப்படி வைப்பதில்லை. வாசலும் தெரிய வேண்டும், சடக்கும் தெரிய வேண்டும், பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரமும் தெரிய வேண்டும் என்கிறோம். கடைக்காரரும் "இதில் அகலமாகத் தெரியும்" என்று சொல்லியே விற்கிறார். இந்த விற்பனைப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அகலமாகத் தெரிந்தால் ஒவ்வொன்றும் சிறிதாகத் தெரியும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

லென்ஸின் மேல் 2.8, 4, 6, 8, 12 என்று ஏதாவது ஓர் எண் பொறித்திருக்கும். அது மில்லிமீட்டர் கணக்கு. எண் சிறியதானால் பார்வை அகலம், எண் பெரியதானால் பார்வை குறுகும், ஆனால் தூரத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும். கடையில் விற்கும் சாதாரணக் காமிராக்களில் பெரும்பாலும் இருப்பது 2.8 அல்லது 4.

ஓர் உதாரணத்தால் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மண்டபத் தூணில் காமிரா இருக்கிறது. கோயில் வாசற்கதவு அங்கிருந்து 20 மீட்டர். அளவு நாடா இல்லாதவர்கள் செம்பனை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக்குச் செம்பனை ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடுவார்கள். ஆக, இரண்டு மர இடைவெளியும் இன்னும் இரண்டு எட்டும் சேர்ந்தால் 20 மீட்டர்.

காமிராவுக்குள்ளே படம் விழும் சில்லு ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக் காமிராக்களில் அதன் அகலம் பொதுவாக 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இந்த 5-ஐத் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் எண்ணால் வகுத்தால் எத்தனை மீட்டர் அகலம் படத்தில் அடங்கும் என்பது கிடைக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குத்தான். 5 பெருக்கல் 20, நூறு. அதை 2.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 36 மீட்டர். கோயில் திடலே முழுவதும் படத்தில் வந்துவிடுகிறது. பார்க்க அழகுதான்.

ஆனால் இரண்டு மெகாபிக்சல் காமிரா ஒன்று, படத்தின் குறுக்கே 1920 புள்ளிகளைத்தான் வைத்திருக்கிறது. அந்த 1920 புள்ளியை 36 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 53 புள்ளி. மனித முகத்தின் அகலம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். அதன் பங்குக்கு வருவது எட்டு அல்லது ஒன்பது புள்ளி. ஒன்பது அரிசியை வரிசையாக அடுக்கி ஒருவர் முகத்தைக் கோலம் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த வெள்ளைத் திட்டு அப்படித்தான் உண்டாகிறது.

அதே தூணில், அதே காமிராவில், 12 மில்லிமீட்டர் லென்ஸைப் போடுங்கள். நூறை 12-ஆல் வகுத்தால் எட்டேகால் மீட்டர். மீட்டருக்கு 230 புள்ளி. முகத்துக்கு 37 புள்ளி. இப்போது மூக்கும் முழியும் தெரியும். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும், ஏற்கெனவே பழகியவரை இன்னார் என்று அறிய 125 போதும், யாரோ ஓர் ஆள் இருக்கிறார் என்று மட்டும் அறிய 25 போதும் என்று ஐரோப்பியத் தர விதி ஒன்று வகுத்திருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் ஏமாற வேண்டியதில்லை. வருகிறவர் நம் தோட்டத்து ஆளா இல்லையா என்று தெரிந்தால் போதுமென்றால் 8 மில்லிமீட்டரே போதும். கணக்குப் பார்த்தால் அதில் மீட்டருக்கு 154 புள்ளி வருகிறது.

"திடல் தெரியாமல் போய்விடுமே!" என்று கோயில் பொருளாளர் கேட்பார். தெரியாமல்தான் போகும். திடலைப் பார்க்க இன்னொரு காமிரா வைக்கலாம், அல்லது காமிராவைத் தூணிலிருந்து கழற்றி வாசற்கதவுப் பக்கமே கொண்டு போகலாம். 5 மீட்டர் தூரத்தில் வைத்தால் 2.8 லென்ஸே மீட்டருக்கு 215 புள்ளி கொடுத்துவிடும், செலவு கம்பிக்கு மட்டும்தான். லென்ஸை மாற்றும் முன் காமிராவின் இடத்தை மாற்ற முடியுமா என்று யோசிப்பது நல்லது. உயரத்தையும் பாருங்கள். யாரும் தொடக்கூடாது என்று கூரை முகட்டில் வைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் தொப்பியும் மோட்டார் ஹெல்மெட்டும்தான் தெரியும்.

இனி, உங்கள் காமிரா எந்த வகை என்று பார்க்க வேண்டும். மிக மலிவான சிலவற்றில் லென்ஸைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். அவற்றை நோண்டாமல் விட்டுவிடுங்கள். சற்று விலை கூடியவற்றில் ஒரே லென்ஸ் 2.8 முதல் 12 வரை மாறும். சிலவற்றில் கைத்தொலைபேசியில் தொட்டாலே உள்ளிருக்கும் சிறு மோட்டார் மாற்றிவிடும். சிலவற்றில் மூடியைக் கழற்றினால் இரண்டு வளையங்கள், அல்லது இரண்டு சிறு நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று பார்வையை அகலமாக்கும், குறுக்கும். மற்றொன்று கூர்மையைச் சரிசெய்யும். எது எது என்று குழப்பம் வேண்டாம். ஒன்றை மெல்ல அசைத்துப் பாருங்கள். படத்தில் உள்ளவை பெரிதாகிச் சிறிதானால் அது முதல் வளையம். அளவு அவ்வளவாக மாறாமல் மங்கித் தெளிந்தால் அது கூர்மை வளையம். முதலில் அகலத்தை முடிவு செய்து, அந்த வளையத்தின் திருகாணியை முடுக்கிவிட வேண்டும். பிறகுதான் கூர்மை. மாற்றிச் செய்தால் இரண்டு வேலையும் மறுபடி செய்ய வேண்டியதுதான், ஏனென்றால் அகலத்தை மாற்றும்போதெல்லாம் கூர்மையும் நழுவும்.

கூர்மை பார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். ஒரு பெரிய அட்டையில் 'ன', 'ண' என்னும் இரண்டு எழுத்துகளையும் ஒரு சாண் அளவுக்குக் கறுப்பு மையால் எழுதுங்கள். வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். இரண்டு சுழி எது, மூன்று சுழி எது என்று படத்தில் எண்ண முடிந்தால் முகமும் தெரியும். இரண்டும் ஒன்று போலத் தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. இதற்கென்று கடையில் விற்கும் கோடு போட்ட அட்டையைவிட நம் எழுத்து நன்றாகவே பயன்படுகிறது.

இந்த வேலைக்கு மூன்று பேர் வேண்டும். ஏணியில் ஒருவர், அட்டையோடு ஒருவர், கைத்தொலைபேசியைப் பார்த்துச் சொல்ல ஒருவர். இணையம் வழியாக வரும் படம் ஓரிரு விநாடி பிந்தித்தான் வரும் என்பதை ஏணியில் இருப்பவர் மறக்கக்கூடாது. கீழே இருப்பவர், "அண்ணே, நல்லா வருது, வருது... ஐயோ, தாண்டிட்டீங்க!" என்று சொல்லும்போது கை அந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். ஆகவே ஒரு மயிரிழை திருப்புங்கள், கையை எடுங்கள், மூன்று எண்ணுங்கள், பிறகு கேளுங்கள். இப்படிச் செய்தால் ஐந்து நிமிட வேலை. அவசரப்பட்டால் அரை நாள் போய்விடும்.

லென்ஸையே மாற்ற வேண்டியவர்களுக்கு இனி வரும் பகுதி. குண்டுக் காமிராவிலும் சிறு கூண்டுக் காமிராவிலும் இருக்கும் சின்ன லென்ஸ், 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மரையில் திருகி ஏறுவது. எம்.12 லென்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். லென்ஸின் எண் 12 என்பதும் மரையின் அளவு 12 என்பதும் வெவ்வேறு. இதில் பலர் குழம்புவதுண்டு. பெட்டி போன்ற பெரிய காமிராவில் இருப்பது வேறு வகை. அதன் மரை ஓர் அங்குல அளவு. அதிலும் 'சி' என்றும் 'சி.எஸ்.' என்றும் இரண்டு சாதி உண்டு. மரை இரண்டுக்கும் ஒன்றே, ஆனால் லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து சில்லு வரையிலான தூரம் 'சி' வகையில் பதினேழரை மில்லிமீட்டர், 'சி.எஸ்.' வகையில் பன்னிரண்டரை. 'சி' லென்ஸை 'சி.எஸ்.' காமிராவில் போட வேண்டுமானால் நடுவில் 5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த வளையம் சின்னது, மலிவு. அதைப் போடாமல் விட்டுவிட்டு, லென்ஸ் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிபவர்கள் உண்டு. 'சி.எஸ்.' லென்ஸை 'சி' காமிராவில் போட்டால் என்ன செய்தாலும் தூரத்துப் படம் தெளியாது. அதற்கு வழியே இல்லை.

வாங்கும்போது இன்னும் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் காமிராவின் சில்லு அளவுக்கு அந்த லென்ஸ் போதுமா? சிறிய சில்லுக்குச் செய்த லென்ஸைப் பெரிய சில்லின் முன் வைத்தால் படத்தின் நான்கு மூலையும் இருண்டுவிடும். அடுத்து, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி லென்ஸுக்குள்ளேயே இருக்கிறதா? இருந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். இரவில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால்தான் காமிரா பார்க்கிறது. பகலில் அந்த ஒளி நிறத்தைக் கெடுக்கும் என்பதால் காமிராவுக்குள்ளேயே ஒரு வடிகட்டி இருக்கும். அந்தி சாயும்போது 'டிக்' என்று ஓசை கேட்கிறதே, அது அந்த வடிகட்டி விலகும் ஓசை. லென்ஸுக்குள் வேறொரு வடிகட்டி இருந்துவிட்டால் இது விலகியும் பயனில்லை. பகலில் கண், இரவில் குருடு.

வேலையை ஏணி மேல் செய்யாதீர்கள். மின்சாரத்தை அடைத்துவிட்டு, காமிராவைக் கழற்றி வீட்டுக்குள் மேசைக்குக் கொண்டு வாருங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். கையைக் கழுவித் துடையுங்கள். மழை பெய்து ஈரக்காற்று அடிக்கும் நாளில் திறக்க வேண்டாம். உள்ளே அடைபட்ட ஈரம் பிறகு கண்ணாடியில் பனியாகப் படியும். லென்ஸைக் கழற்றியதும் காமிராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், தூசி சில்லின் மேல் விழாது. விழுந்தால் ரப்பர்க் குமிழால் காற்றடிக்கலாம். வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். சில்லை விரலால் தொட்டால் அந்த ரேகை ஒவ்வொரு படத்திலும் தெரியும்.

புதிய லென்ஸைத் திருகி ஏற்றியதும் அங்கேயே ஒருமுறை கூர்மை பார்த்துவிடுங்கள். காமிராவை மேசையில் நிறுத்தி, வாசல் வழியாக அதே 20 மீட்டர் தூரத்தில் அட்டையைப் பிடிக்கச் சொல்லலாம். இங்கே பொறுமை வேண்டும். 2.8 லென்ஸ் தாராள மனசுக்காரர். ஒரு முறை சரியாக வைத்துவிட்டால் இரண்டு மீட்டரில் இருப்பதும் இருபது மீட்டரில் இருப்பதும் தெளிவாகவே தெரியும். 12 லென்ஸ் கறார்ப் பேர்வழி. எந்தத் தூரத்துக்கு வைத்தோமோ அந்தத் தூரத்தை ஒட்டியே தெளிவு. மரையின் ஒரு முழுச் சுற்றுக்கு லென்ஸ் நகர்வது அரை மில்லிமீட்டர்தான். ஆனால் அடிவானத்துக்கு வைத்த 12 லென்ஸை 20 மீட்டருக்குக் கொண்டுவர ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு நகர்ந்தால் போதும். சுற்றில் எழுபதில் ஒரு பங்கு! திருப்பினோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும் அளவு. அதனால் சரியான இடம் வந்ததும் பூட்டு வளையத்தை முடுக்கும்போது லென்ஸும் கூடவே திரும்பாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பகலில் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டால் போதுமா? போதாது. ஐரிஸ் தானாகத் திறந்து மூடும் லென்ஸாக இருந்தால் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம் கண்மணி வெயிலில் சுருங்குவது போல அந்தத் துவாரமும் பகலில் ஊசித்துளையாகச் சுருங்கும். ஊசித்துளை வழியாகப் பார்த்தால் கூர்மை கொஞ்சம் தவறியிருந்தாலும் தெளிவாகவே தெரியும். கண்ணாடி போட்டவர்கள் விரலை மடித்துச் சிறு ஓட்டை செய்து அதன் வழியே பார்த்தால் இந்த உண்மை விளங்கும். இரவில் துவாரம் அகலத் திறக்கும், மறைந்திருந்த தவறு வெளியே வரும். ஆகவே பொழுது சாயும் நேரத்தில் கூர்மை பார்க்க வேண்டும். பகலிலேயே செய்தாக வேண்டுமானால் வெல்டிங் வேலைக்காரர் முகத்தில் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடியை லென்ஸின் முன் பிடியுங்கள். இருட்டிவிட்டது என்று நினைத்து ஐரிஸ் திறந்துகொள்ளும். ஆனால் இரவில் ஒருமுறை பார்ப்பதற்கு இது ஈடாகாது. அகச்சிவப்பு ஒளி கூடும் இடம் பகல் ஒளி கூடும் இடத்திலிருந்து சற்று விலகும். இரண்டுக்கும் ஒத்துப்போகும்படி செய்த லென்ஸ் உண்டு. அது இல்லாதவர்கள் இரவுக்குத் தெளிவாக வைத்துவிட்டுப் பகலில் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வதே மேல். திருடன் வருவது பெரும்பாலும் எப்போது என்று நமக்குத் தெரியாதா?

லென்ஸை மாற்றியவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று. காமிராவில் பதித்திருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் பழைய அகலப் பார்வைக்கு ஏற்றவாறு ஒளியைப் பரப்பிவிடும். பார்வையைத் தூரத்துக்குக் குவித்தோம், விளக்கைக் குவிக்கவில்லை. தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகக் குறையும். எனவே வாசற்கதவுக்கு மேல் சாதாரண விளக்கு ஒன்று போட்டுவிடுங்கள். வெளிச்சம் இருந்தால் ஓடுகிறவனின் முகமும் இழுபடாமல் பதியும். வயதானவர்கள் இரவில் இறங்கி நடக்கவும் அது உதவும்.

காமிராவை மறுபடி மேலே ஏற்றும்போது எச்சரிக்கை. செம்பனைக் குலை அறுக்கும் அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அலுமினிய ஏணியும் அதே அலுமினியம்தான். கம்பிக்கு அருகில் மர ஏணியோ நாரிழை ஏணியோ வையுங்கள். ஏணியின் அடியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். இடி முழங்கும் நேரத்தில் ஏறவே கூடாது. தகரக் கூரையின் கைமரத்தில் காமிராவை மாட்டாதீர்கள். காற்றடித்தால் கூரை அதிரும், 12 லென்ஸ் அந்த அதிர்வைப் பெரிதாக்கிக் காட்டும்.

இனி அண்டை அயலாரைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்தில் வீடும் வீடும் ஒட்டியிருக்கும். தாமானில் எதிர்வீட்டு வாசல் நம் வாசலுக்கு நேரே இருக்கும். நம் காமிராவில் அடுத்த வீட்டுப் பெண்கள் துணி காயப்போடும் இடம் தெரிந்தால் அது நம் பாதுகாப்புக்கு எந்த விதத்திலும் உதவாது, மனக்கசப்பை மட்டும் வளர்க்கும். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வாணிப நடவடிக்கைகளுக்கு உரியது, வீட்டுச் சொந்த உபயோகத்தை அது கட்டுப்படுத்தாது. சட்டம் கட்டுப்படுத்தவில்லை என்பதற்காக நாம் எதிர்வீட்டுக் கூடத்துக்குள் பார்க்கலாமா? தண்டலின் பார்வையும் மேஸ்திரியின் பார்வையும் முதுகில் ஊன்றியிருக்க வேலை செய்த பரம்பரை நம்முடையது. பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இங்கும் லென்ஸே உதவுகிறது. பார்வையைக் குறுக்கி வைத்தால் நம் வாசல் மட்டும் தெரியும். சரிசெய்து முடித்ததும் அடுத்த வீட்டு அக்காவை அழைத்து, "அக்கா, இவ்வளவுதான் தெரியுது, பாருங்க" என்று படத்தைக் காட்டிவிடுங்கள்.

பெட்டியோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். 2016-இல் 'மிராய்' என்னும் கள்ள நிரல், கடவுச்சொல் மாற்றாத ஆயிரக்கணக்கான காமிராக்களையும் இணையக் கருவிகளையும் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்களையே சில மணி நேரம் முடக்கியது. நம் வீட்டுக் காமிரா மற்றவன் கையில் ஆயுதமாகவும் ஆகலாம், அவனுக்குச் சன்னலாகவும் ஆகலாம்.

பராமரிப்பு பெரிய வேலையன்று. நம் ஊரில் காமிராவுக்கு முதல் எதிரி சிலந்திதான். இரவில் அகச்சிவப்பு விளக்கின் வெதுவெதுப்புக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், வலை லென்ஸின் முன்னால் வெள்ளைத் திரையாக ஆடும். மாதம் ஒருமுறை நீண்ட கம்பில் மென்மையான தூரிகையைக் கட்டி வெளியிலிருந்தே தட்டிவிடுங்கள். கண்ணாடியைத் துடைக்க முதலில் தண்ணீர் தெளித்து மண்ணைப் போக்கிவிட்டு, பிறகு பழைய பருத்தித் துணி. காய்ந்த தூசியோடு தேய்த்தால் கீறல் விழும், கீறல் விழுந்த இடமெல்லாம் இரவில் பளிச்சென்று மின்னும். கூண்டுக் காமிராவை மூடும்போது லென்ஸைச் சுற்றியுள்ள கறுப்புப் பஞ்சு வளையம் கூண்டுக் கண்ணாடியில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் உள்விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படம் முழுவதும் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். கோயில்களில் கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். ஆடித் திருவிழா முடிந்ததும் தோரணம் கழற்றும்போதே காமிராவையும் துடைத்துவிட்டு, 'ன', 'ண' அட்டையை ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

பதிவான படத்தை எத்தனை நாள் வைத்திருப்பது, காவல் நிலையத்துக்கு அதை எப்படி எடுத்துக் கொடுப்பது என்பவை தனியாகப் பேச வேண்டியவை. அவற்றை அடுத்த பேச்சில் எடுத்துக்கொள்வோம்.